இதயத் துடிப்பில் ஒரு கசிவு

வங்கியின் இணையதளத்தில் நாம் தட்டும் கடவுச்சொல் அப்படியே கம்பி வழியே செல்வதில்லை. இடையில் யார் பார்த்தாலும் புரியாதபடி மறையெழுத்தாக மாற்றப்பட்டே செல்கிறது. இந்த மாற்றத்தைச் செய்யும் நிரல் தொகுப்புகளுள் புகழ் பெற்றது ஓப்பன்எஸ்எஸ்எல். அதில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது 2014 ஏப்ரல் 7ஆம் நாள் உலகுக்குத் தெரிந்தது. கூகுளைச் சேர்ந்த நீல் மேத்தாவும், பின்லாந்தின் கோடினோமிக்கான் நிறுவனத்தாரும் தனித்தனியே அதைக் கண்டுபிடித்தனர். 'ஹார்ட்பிளீட்' என்று அதற்குப் பெயர். இதயத்தில் குருதிக் கசிவு என்பது பொருள். ஏன் இந்தப் பெயர்?

இணைப்பில் உள்ள இரு கணிப்பொறிகள், பேச்சு ஏதும் இல்லாத நேரத்திலும், "இருக்கிறாயா?" என்று ஒன்றையொன்று கேட்டுக்கொள்ள ஒரு வழி உண்டு. இதுவே 'ஹார்ட்பீட்', அதாவது இதயத் துடிப்பு. கேட்கும் கணிப்பொறி ஒரு சொல்லையும் அதன் நீளத்தையும் அனுப்பும். "மாங்கனி, 4 எழுத்து" என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றது அந்த 4 எழுத்துகளைத் திருப்பி அனுப்பும். துடிப்பு சரி!

ஒருவர் வேண்டுமென்றே, "மாங்கனி, 64,000 எழுத்து" என்று அனுப்பினால்? வந்தவை நான்கே என்று எண்ணிப் பார்த்து, அதைத் தள்ளிவிட வேண்டும் அல்லவா? ஓப்பன்எஸ்எஸ்எல் எண்ணிப் பார்க்கவில்லை. நினைவகத்தில் மாங்கனி இருந்த இடத்திலிருந்து தொடங்கி 64,000 எழுத்துகளைப் படியெடுத்து அனுப்பிவிட்டது. முதல் நான்கு மாங்கனி. மீதி? பக்கத்தில் கிடந்த பிறருடைய கடவுச்சொற்கள். சில வேளை, மறையெழுத்தைத் திறக்கும் சாவியே கூட!

நீளத்தைக் குறிக்க 16 பிட்டுகள் ஒதுக்கப்பட்டிருந்தன. 2-இன் 16ஆம் அடுக்கு 65,536. ஆகவே ஒரு முறைக்கு ஏறத்தாழ 64 கிலோபைட் கசியும். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். வழக்கமான பதிவேடுகளில் சுவடே இராது. 2012 மார்ச்சில் வெளியான பதிப்பில் புகுந்த இப்பிழை, இரண்டு ஆண்டுகள் கண்ணில் படாமல் இருந்தது. செய்தி வெளியான சில நாட்களுக்குள், கனடாவின் வரித் துறையிலிருந்து சுமார் 900 பேருடைய சமூகக் காப்பீட்டு எண்கள் திருடப்பட்டன.

மறையெழுத்தின் கணிதத்தை யாரும் உடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சொன்ன அளவை அளந்து பார்க்காமல் நம்பியதே பிழை. சோதனைச் சாலையில் எடைக்கல்லின் மேல் '100 கிராம்' என்று பொறித்திருந்தாலும், தராசில் இட்டுச் சரிபார்க்கிறோமே, அந்தப் பழக்கம் நிரலுக்கும் வேண்டும். திருத்தமும் அதுவே: நீளத்தைச் சரிபார்க்கும் சில வரிகள்.

ஓட்டையை அடைத்தது மட்டும் போதுமா? போதாது. முன்பே களவு போன சாவி கள்வனிடம்தானே இருக்கும்! ஆகவே சாவிகளையும் கடவுச்சொற்களையும் புதிதாக மாற்ற வேண்டியதாயிற்று.