விற்ற கார் இன்னும் யார் பெயரில்?

புது கார் வாங்க மாதக்கணக்கில் யோசிப்பவர்கள்கூடப் பழைய காரை ஒரே மாலையில் தள்ளிவிடுகிறார்கள். பழைய கார் வாங்கி விற்கும் கன்சல்டிங்காரர் வருகிறார், பானெட்டைத் திறந்து பார்க்கிறார், டயரைத் தட்டுகிறார், விலை படிகிறது. பணம் கைக்கு வந்ததும் சாவி, ஆர்.சி. புக், இன்சூரன்ஸ் நகல் எல்லாம் கைமாறுகின்றன. கூடவே, கையெழுத்து மட்டும் போட்ட பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30. வாங்குபவர் யார், எந்தத் தேதியில் விற்பனை என்ற இடங்கள் காலியாகவே கிடக்கும். பெயர் மாற்றுவது வாங்கியவர் பாடு என்பது பொதுவான நினைப்பு. செலவை அவர் ஏற்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் பெயர் மாறாவிட்டால் வரும் ஆபத்தில் பெரும்பங்கு விற்றவர் தலையில்தான் விழுகிறது. ஆகவே மாறியதா என்று பார்த்து முடிக்கும் வேலையும் விற்றவருடையதே.

வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 2(30). கடனில் இருக்கும் வண்டி போன்ற சில நிலைமைகளுக்கு மட்டும் தனி விதி உண்டு. மற்றபடி பணம் கொடுத்தவர், சாவி வைத்திருப்பவர், தினமும் ஓட்டுபவர் என யாரும் அந்த வரையறைக்குள் வருவதில்லை. இது எவ்வளவு கடுமையானது என்பதை 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு காட்டியது. அந்த வழக்கின் கார் 2007இல் விற்கப்பட்டு, அடுத்தடுத்துப் பல கைகள் மாறி, 2009இல் ஓர் உயிரைப் பறித்த விபத்தில் சிக்கியது. பதிவேட்டில் மட்டும் முதலில் விற்றவரின் பெயரே நின்றது. அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு, கடைசியாக வாங்கியவர் அல்ல என்று தீர்ப்பானது. நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் எழுதிய அந்தத் தீர்ப்பு சொல்லும் காரணத்தை மறுப்பது கடினம். அடிபட்டவரோ இறந்தவரின் குடும்பமோ, வண்டி யார் யார் கைக்குப் போனது என்று ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருக்க முடியாது. பதிவேட்டைப் பார்த்ததும் யாரைக் கேட்பது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

‘இன்சூரன்ஸ் இருக்கிறதே, கம்பெனி கட்டிவிடும்’ என்பார்கள். பாலிசி நடப்பில் இருக்கும்வரை இதில் உண்மை உண்டு. வண்டி கைமாறினால் மூன்றாம் தரப்புக் காப்பீடும் கூடவே மாறியதாகக் கொள்ளப்படும் என்கிறது பிரிவு 157. ஆனால் அந்தப் பாலிசி சில மாதங்களில் முடிந்துவிடும். அதைப் புதுப்பிப்பது இனி உங்கள் கையில் இல்லை, புதுப்பித்தார்களா என்பதும் தெரியாது. பழைய காருக்கு எதற்கு இன்சூரன்ஸ் என்று புதியவர் விட்டுவிட்டால், அதன்பின் நடக்கும் விபத்தின் இழப்பீடு உங்கள் வீடு தேடி வரும். வாங்கியவருக்கும் இதில் ஆபத்து உண்டு. வண்டியின் சொந்தச் சேதத்துக்கான காப்பீடு தானாக மாறாது என்று 1996இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் விண்ணப்பித்துப் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அவசரத்தில் விற்றவர் கோட்டைவிடும் லாபமும் ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகள் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டியதற்கான நோ க்ளெய்ம் போனஸ் வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. நிறுவனத்திடம் அதற்கான கடிதம் வாங்கிக்கொண்டால், புது காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறையும்.

பணத்தைவிட மோசமானது காவல் நிலையம். 2022 அக்டோபர் 23 அன்று கோவை உக்கடத்தில் கோட்டை ஈஸ்வரன் கோயில் அருகே ஒரு பழைய மாருதி கார் வெடித்தபோது, விசாரணையின் முதல் வேலைகளில் ஒன்று அந்தக் கார் யார் யார் கைக்குப் போனது என்று தேடுவதாக இருந்தது. கார் பல கைகள் மாறியிருந்தது. இது அபூர்வமான சம்பவம்தான். ஆனால் மோதிவிட்டு நிற்காமல் போன கார், கடத்தலில் பிடிபட்ட கார் என்றாலும் முதலில் தட்டப்படுவது பதிவேட்டில் உள்ளவரின் கதவே. ஓட்டியது யார் என்று கேட்டால் விவரம் தரும் கடமையைப் பிரிவு 133 உரிமையாளர் மீதுதான் வைக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 199ஏ இன்னும் கடுமையானது. சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பாதுகாவலரோ உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறைக்கும் 25,000 ரூபாய் அபராதத்துக்கும் உள்ளாகலாம். தனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தால் தப்பலாம். அதை நிரூபிக்க வேண்டியவரும் அவரேதான்.

முத்திரைத்தாளில் டெலிவரி நோட் எழுதி வாங்கியிருக்கிறோமே என்பது வலுவான ஆட்சேபம். அந்தத் தாள் வீணல்ல. தேதியும் மணியும், வாங்கியவரின் அடையாள அட்டை நகலும் கையெழுத்தும் அதில் இருந்தால் போலீஸ் விசாரணையில் நீங்கள் விலகி நிற்க அது உதவும். கட்டிய இழப்பீட்டை வாங்கியவரிடம் கேட்டு வழக்குப் போடவும் ஆதாரமாகும். ஆனால் அது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான தாள். விபத்தில் அடிபட்டவரை அது கட்டுப்படுத்தாது. நேர்மையாக விற்றவருக்கு இது அநியாயம் இல்லையா என்று கேட்டால், ஓரளவு அநியாயம்தான். விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 50. விற்றவர் தன் கடமையைச் செய்துவிட்டு, வாங்கியவர் அசையாமல் இருந்தால் பெயர் அப்படியே நிற்கும். சட்டத்தின் இந்த ஓட்டையை அடைக்க வேண்டியது அரசு. அதுவரை, படிவம் 29, 30 இரண்டையும் நிரப்பி ஒன்றாகவே விண்ணப்பிப்பதுதான் வழி. பெயர் மாறியதும் திருப்பித் தருவதாக வாங்குபவரிடம் ஒரு தொகையை வாங்கி வைப்பதும் நியாயமே. கார் உறவினருக்கோ நண்பருக்கோ போகிறது என்றால் இன்னும் கவனம் வேண்டும், அங்கேதான் யாரும் தாளைக் கேட்பதில்லை.

கன்சல்டிங்காரர் வேறு கணக்கு சொல்வார். ‘யாருக்கு விற்பேன் என்று எனக்கே தெரியாது. என் பெயருக்கு மாற்றினால் இன்னொரு ஓனர் கூடி விலை இறங்கிவிடும்.’ அவருடைய சிக்கல் உண்மையானதுதான். அதற்காகவே மத்திய அரசு 2022 டிசம்பரில் விதிகளைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற்ற டீலர், வண்டி தன்னிடம் வந்ததைப் படிவம் 29சி மூலம் இணையத்திலேயே தெரிவிக்கலாம். அந்த நிமிடத்திலிருந்து அவர் உரிமையாளராகவே கருதப்படுவார், பொறுப்பும் அவருடையது. சோதனை ஓட்டம், பழுதுபார்ப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே அவர் வண்டியைச் சாலையில் எடுக்கலாம். ஆக, வெற்றுப் படிவத்தில் கையெழுத்து கேட்பவரிடம் அங்கீகாரச் சான்றைக் காட்டுங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. புது கார் ஷோரூமில் எக்ஸ்சேஞ்சுக்கு விடும்போதும் இதே கேள்விதான். பெரிய கண்ணாடிக் கட்டடம் என்பதால் படிவம் நிரம்பிவிடாது.

பதினைந்து வயதைத் தாண்டிய காருக்கு வேறு யோசனை தேவை. பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது, அதற்குமேல் எஃப்.சி.க்காகச் செய்யும் வேலைகளின் செலவு. அதற்குப் பயந்து காயலான் கடையில் எடைக்குப் போடுகிறவர்கள் பதிவை ரத்து செய்வதில்லை. கார் துண்டு துண்டாகிப் போனாலும் அதன் எண்ணும் ஆர்.சி.யும் உயிரோடு இருக்கும். திருட்டு வண்டிக்குப் புது அடையாளம் தேடுபவர்களுக்கு அதைவிட வசதி இல்லை. அங்கீகரிக்கப்பட்ட வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் கிடைக்கும். விலை காயலான் கடையைவிடக் குறைவாக இருந்தாலும் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு.

விற்பதற்கு முன் வங்கிக் கடன் முடிந்திருந்தால் தடையின்மைச் சான்றும் படிவம் 35ம் கொடுத்து ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை நீக்க வேண்டும். வெளிமாநிலத்துக்குப் போகும் வண்டிக்குப் படிவம் 28 வேண்டும். ஃபாஸ்டேக்கை மூடாமல் கொடுத்தால் வாங்கியவர் போகும் சுங்கச்சாவடிக்கெல்லாம் உங்கள் பணம் போகும். ஏற்கெனவே விற்று, பெயர் மாறாமல் கிடக்கும் காருக்கும் வழி இருக்கிறது. வாங்கியவருக்குப் பதிவுத் தபாலில் கெடு கொடுங்கள். டெலிவரி நோட் நகலோடு படிவம் 29ஐ ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அந்த வண்டிக்கு வேறு சேவை நடக்காமல் குறிப்பு வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். ஆளே அகப்படவில்லை என்றால் போலீஸில் புகார் கொடுத்து ரசீது வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்சில் எடுத்த டீலர் இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. இதற்கெல்லாம் முன்னால், பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயரில் பாதி எழுத்துகளை மறைத்துத்தான் காட்டும், ஆனால் அது உங்கள் பெயர்தானா என்று தெரிந்துகொள்ள மீதி எழுத்துகள் போதும்.