மதிலுக்கு உள்ளே டாக்டர் வேலை

ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டு நெசவாளி ஒருவர் ஏதோ வழக்கில் ரிமாண்ட் ஆனால், அவரைப் பார்க்க வீட்டார் பெரும்பாலும் போவது வேலூர் தொரப்பாடி மத்தியச் சிறைக்கு. ஆரணியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். மனு கொடுத்துக் காத்திருந்து பார்த்துவிட்டு வந்தால், அன்றைக்குத் தறி ஓடாது, கூலியும் கிடையாது. போகப்போக வருகை குறையும். உள்ளே இருப்பவர் தூங்குவதில்லை, தனக்குத்தானே பேசுகிறார் என்று முதலில் கண்டுபிடிக்கிறவர்கள் வீட்டு மனிதர்கள்தான். அவர்கள் இல்லாத இடத்தில் அந்த வேலையை யாராவது சம்பளத்துக்குச் செய்தாக வேண்டும்.

யார் செய்கிறார்கள்? இந்தியா ஜஸ்டிஸ் ரிப்போர்ட் 2025 சொல்லும் கணக்கு இது: நாட்டின் சிறைகளில் 5.7 லட்சம் பேர். அவர்களுக்கு உளவியலாளர்களும் மனநல மருத்துவர்களுமாகச் சேர்த்து 25 பேர். 500 கைதிகளுக்கு ஒருவர் வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேடு. தேவை சின்னதல்ல. பெங்களூரு மத்தியச் சிறையில் நிம்ஹான்ஸ் 5,024 பேரைப் பரிசோதித்து 2011இல் அறிக்கை தந்தது. போதைப் பழக்கத்தைக் கழித்த பிறகும் 27.6 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு இருந்தது.

இந்த இடத்தில் சட்டம் ஒரு வேடிக்கை செய்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 103ன்படி, ‘இந்தச் சிறையில் மனநோயாளிகள் யாரும் இல்லை’ என்று சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் சான்று அனுப்ப வேண்டும். கண்டுபிடிக்க ஆளே போடாமல் ‘இல்லை’ என்று எழுதுவது எவ்வளவு சுலபம்! மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மனநலப் பிரிவு வேண்டும், சிறை மருத்துவர்களுக்கு அடிப்படை மனநலப் பயிற்சி தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

மனநலம் படித்தவர்கள் இல்லை என்ற பதிலை வேலூரில் ஏற்க முடியாது. தொரப்பாடியை அடுத்த பாகாயத்தில் 1957 முதல் சி.எம்.சி.யின் மனநல மையம் இயங்குகிறது. குடும்பத்தாரையும் நோயாளியோடு தங்கவைத்துச் சிகிச்சை தருவதில் பேர் வாங்கிய இடம். ஆட்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சிறை வேலை அவர்களை இழுப்பதில்லை, அவ்வளவுதான். கலந்து பேச இன்னொரு மனநல மருத்துவர் இல்லை. நோயாளி சொன்ன ரகசியத்தைச் சூப்பிரண்டெண்ட் கேட்டால் என்ன செய்வது என்ற சங்கடம் வேறு. இதற்கு ஓராண்டு ஒப்பந்தம், தொகுப்பூதியம் என்று விளம்பரம் கொடுத்தால் யார் விண்ணப்பிப்பார்?

அமெரிக்காவில், மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதிகளில் வேலைக்கு வருவோரின் கல்விக் கடனை அரசுத் திட்டமொன்று அடைக்கிறது. தகுதிபெற்ற சிறைகளும் அதில் சேர்த்தி. நமக்கு அவ்வளவு பணம்கூட வேண்டாம். எம்.டி. மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. மனநலப் பிரிவு மாணவர்களுக்கு அதில் சில வாரங்களைப் பேராசிரியர் மேற்பார்வையில் மத்தியச் சிறைக்கு ஒதுக்கலாம். இரண்டிரண்டு பேராகப் போகட்டும். ஒருமுறை உள்ளே வேலை பார்த்தவருக்குப் பிறகு அந்த வேலை மேல் அத்தனை பயம் இருக்காது. உளவியலாளர் பணியிடங்களை மட்டும் நிரந்தரமாக்கியே தீர வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முகம் மாறினால் எந்தக் கைதியும் வாய் திறக்க மாட்டார்.

இன்னொன்று மிச்சமிருக்கிறது. சிறையில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் எந்த மாலையிலும் கிடைக்கலாம். அன்றோடு மாத்திரை நின்றுபோகும். ஆகவே வெளியே வருகிறவர் கையில் மருந்துச் சீட்டும், சொந்த ஊருக்குப் பக்கத்து அரசு மருத்துவமனையில் எந்த நாளில் மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் வருவார் என்ற விவரமும் இருக்க வேண்டும். இதை எழுதிக் கொடுப்பது யார் பொறுப்பு என்பதையும் பணி நியமன உத்தரவிலேயே சேர்த்துவிடலாம்.