ஆடா, புலியா? பொம்மைப் படை விளையாட்டில் முதல் படையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கொடுமுடி மகுடேஸ்வரர் கோயிலின் தலபுராணமே ஒரு பலப்பரீட்சையில்தான் ஆரம்பிக்கிறது. ஆதிசேஷனுக்கும் வாயுவுக்கும் யார் பெரியவர் என்று போட்டி. ஒருவர் மேருமலையை இறுகச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறார். இன்னொருவர் அதைப் பெயர்த்தெடுக்கப் பலம் கொண்ட மட்டும் வீசுகிறார். மலை சிதறியதில் வைரத் துண்டு காவிரிக் கரையில் விழுந்ததாம். அந்த இடம்தான் கொடுமுடி.

அசையாமல் நின்று தாங்குபவர் பக்கமா, பாய்ந்து அடிப்பவர் பக்கமா? உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் இன்று இதே கேள்வியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று, நான்கு சென்டிமீட்டர் உயரமுள்ள பிளாஸ்டிக் வீரர்களை வாங்கி, ஒட்டி, பெயின்ட் அடித்து, ஸ்கேலால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி மோதும் விளையாட்டு இது. பூதம், எலி மனிதன், டைனோசர் மேல் ஏறிய பல்லிப் படை என்று எல்லாம் கற்பனை உலகத்து ஆட்கள். யூடியூபில் இதைப் பார்த்துவிட்டு ‘எனக்கும் ஒரு படை வேணும்’ என்று கேட்கும் பிள்ளைகள் ஊஞ்சலூரிலும் சிவகிரியிலும்கூட இருக்கலாம். பிள்ளைகளை விடுங்கள், இந்த விளையாட்டில் விழுந்தவர்களில் நாற்பது வயதுக்காரர்களும் நிறைய.

ஆனால் முதல் படையைத் தப்பாக எடுத்தால் பல ஆயிரம் ரூபாய் பரணுக்குப் போகும். அதனால் பெட்டியை ஆர்டர் செய்வதற்கு முன் கொஞ்சம் பொறுமை.

பொம்மைப் போர் வந்த கதை

இதன் வேர் ராணுவத்தில் இருக்கிறது. பிரஷ்ய நாட்டில் 1812-ல் ரைஸ்விட்ஸ் என்பவர் மன்னரிடம் ஒரு போர் விளையாட்டைக் காட்டினார். அவருடைய மகன் 1824-ல் அதை மெருகேற்ற, ராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்கே அது பயன்பட்டது. ‘டைம் மெஷின்’ எழுதிய எச்.ஜி.வெல்ஸ், வீட்டுத் தரையில் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி விளையாடுவதற்காக 1913-ல் ‘லிட்டில் வார்ஸ்’ என்றொரு விதிப் புத்தகமே போட்டார்.

மந்திரவாதியும் டிராகனும் மேஜைக்கு வந்தது 1970-களில். இப்போது இந்த உலகின் பெரிய கை, 1975-ல் தொடங்கப்பட்டு நாட்டிங்ஹாமில் இருந்து இயங்கும் பிரிட்டனின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம். அதன் ‘வார்ஹேமர்’ 1983-ல் வந்தது. பொம்மை விற்கும் கம்பெனிதானே என்று நினைத்துவிட வேண்டாம். 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களின் பட்டியலிலேயே சேர்ந்துவிட்டது.

தமிழர்களுக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. பில் பார்க்கர் குழுவினர் உருவாக்கிய ‘டி பெல்லிஸ் ஆன்டிகிவிடாடிஸ்’ என்ற வரலாற்றுப் போர் விளையாட்டில் ஒரு படைக்குப் பன்னிரண்டே பிரிவுகள்தான். அதன் படைப் பட்டியலில் ரோமானியர்கள் இருக்கும் வரிசையில் தமிழர் படைக்கும் இடம் இருக்கிறது.

அப்புச்சிக்குத் தெரிந்த கணக்கு

எந்தப் படை எப்படி ஆடும் என்று புரிந்துகொள்ள ஆடு புலி ஆட்டத்தை நினைத்துக்கொண்டால் போதும். கொங்குப் பக்கம் திண்ணையில் கரிக்கட்டையால் கட்டம் கிழித்து ஆடிய தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு, 23 புள்ளிகள். புலி குறைவு. ஆனால், தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. ஆனால், நாலா பக்கமும் நின்று புலியை நகரவிடாமல் அடைத்துவிடும். இரண்டு பேர் கையிலும் ஒரே மாதிரி காய் இருக்கும் சதுரங்கம் போல இல்லை இது. எந்தப் பக்கம் உட்காருகிறீர்களோ, அதற்கேற்ற புத்தி வேண்டும்.

வார்ஹேமர் குடும்பத்தில் இப்போது பிரபலமான கற்பனை உலக விளையாட்டு ‘ஏஜ் ஆஃப் சிக்மர்’. அதன் படைகளையும் இதே கண்ணால் பார்க்கலாம். தங்கக் கவசம் போட்ட ‘ஸ்டார்ம்காஸ்ட் எட்டர்னல்ஸ்’ புலி ரகம். ஆள் குறைவு, ஒவ்வொருவரும் பலசாலி. ‘ஸ்கேவன்’ எனும் எலி மனிதர்கள் ஆடு ரகம். கும்பல் கும்பலாக வந்து விழுவார்கள், செத்தாலும் பின்னால் இன்னொரு கும்பல் நிற்கும். ‘சன்ஸ் ஆஃப் பெஹிமட்’ என்று ஒரு படை உண்டு. முழுக்க ராட்சதர்கள். நான்கைந்து பொம்மையிலேயே பெரிய ஆட்டத்துக்கான படை முடிந்துவிடும்!

பகடைக் கணக்கையும் பார்த்துவிடலாம். பெரும்பாலும் ஓர் அடி விழ மூன்று கட்டம் தாண்ட வேண்டும். முதலில் அடி படுகிறதா, பிறகு காயமாகிறதா, கடைசியில் எதிராளியின் கவசம் தடுக்கிறதா. ஓர் எலிக் கும்பல் பத்துப் பகடை உருட்டுகிறது என்று வையுங்கள். நான்கு அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி. சராசரியாக ஐந்து தேறும். அதே கணக்கில் காயமாவது இரண்டரை. எதிரில் நிற்கும் கவசக்காரன் மூன்று அல்லது அதற்கு மேல் உருட்டினாலே தடுத்துவிடுவான் என்றால், கடைசியில் மிஞ்சுவது ஒன்றுக்கும் குறைவு. பத்துப் பேர் அடித்து ஒரு கீறல்!

இப்போது கவசக்காரன் பத்துப் பகடை உருட்டட்டும். அவனுக்கு அடியும் காயமும் மூன்றிலேயே விழும், எலியின் கவசமோ ஆறு விழுந்தால்தான் தடுக்கும் என்றால், நான்கு எலிகள் வரை காலி. (இதெல்லாம் புரிவதற்காகப் போட்ட எண்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் தனி அட்டவணை உண்டு.)

அப்படியானால் எலி எடுப்பவர் ஏமாளியா? இல்லை. இந்த விளையாட்டில் கொன்றவருக்கு மட்டுமே வெற்றி என்று கிடையாது. மேஜையில் குறித்து வைத்த இடங்களைப் பிடித்து வைத்திருப்பவருக்குத்தான் பெரும்பாலான புள்ளிகள். புலிகள் மூன்று இடத்தில் நிற்க முடியும். ஆடுகள் பதினைந்து இடத்தில் நிற்கும். அப்புச்சி ஆட்டுப் பக்கம் உட்கார்ந்து பேரனை ஜெயிப்பதும் இப்படித்தானே!

‘எது ஸ்ட்ராங்கான படை?’ என்று தேடாதீர்கள்

புதிதாக வருபவர்கள் முதலில் கூகுளில் தட்டும் கேள்வி இதுதான். பதில் கிடைக்கும். ஆனால், அது சீக்கிரம் காலாவதியாகிவிடும். ஏஜ் ஆஃப் சிக்மர் 2015-ல் வந்தது. அடுத்த பதிப்புகள் 2018, 2021, 2024. மூன்று வருடத்துக்கு ஒரு முறை விதியே மாறுகிறது. இடையிடையே பாயின்ட் கணக்கும் மாறும். இன்றைக்கு மாஸ் காட்டும் படை, நீங்கள் ஒட்டிப் பெயின்ட் அடித்து முடிப்பதற்குள் சுமாராகியிருக்கும்.

மாறாதது பொம்மையின் உருவம் மட்டும்தான். கடையில் படத்தைப் பார்த்ததும் ‘செம’ என்று வாயில் வருகிறதே, அந்தப் படைதான் உங்களுக்கானது. காரணம் எளிது. விளையாடும் நேரத்தைவிடப் பெயின்ட் அடிக்கும் நேரம்தான் அதிகம். புதியவர் ஒருவருக்கு ஒரு பொம்மைக்கு ஒன்று, இரண்டு மணி நேரம் சாதாரணமாக ஓடும். பத்துப் பொம்மை என்றால் சில ஞாயிற்றுக்கிழமைகள். அறுபது எலி என்றால்? பாதியில் சலித்துப்போய்ச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காகவே பெட்டியில் கிடக்கும் படைகள்தான் இந்தப் பொழுதுபோக்கின் பெரிய சோகம்.

எனவே எலிகளோ கோப்ளின்களோ பிடித்திருந்தால் எடுக்கலாம், கையில் பொறுமை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு. பொறுமை குறைவு, ஆனால் கும்பலும் வேண்டும் என்பவர்களுக்கு ஆவிப் படையான ‘நைட்ஹாண்ட்’ நல்ல தேர்வு. வெள்ளை அடித்து, மேலே தண்ணீர் பதத்தில் பச்சையோ நீலமோ ஓடவிட்டால் மடிப்புகளில் தானாக நிழல் தங்கிவிடும். பாதி வேலை முடிந்தது. எலும்புக்கூடுகள் நிறைந்த ‘சோல்பிளைட் கிரேவ்லார்ட்ஸ்’ படையும் அப்படியே. டைனோசர் பைத்தியம் பிடித்த பிள்ளைகளுக்கு ‘செராஃபான்’ என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. படைகள் ஓய்வும் பெறும். ‘பீஸ்ட்ஸ் ஆஃப் கேயாஸ்’ என்ற ஆட்டுத்தலை மிருகப் படையை ஏஜ் ஆஃப் சிக்மரிலிருந்து விலக்குவதாக 2024-ல் அறிவித்தார்கள். பழைய வார்ஹேமரின் பிரெட்டோனியா குதிரை வீரர்களுக்கும் ஒரு காலத்தில் இதே கதிதான் நடந்தது. 2024-ல் ‘தி ஓல்டு வேர்ல்டு’ என்ற விளையாட்டு வந்தபோது அவர்கள் ராஜ மரியாதையோடு திரும்பினார்கள். பழைய பொம்மைகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தவர்களுக்கு அன்றைக்குத் தீபாவளி. செகண்ட் ஹேண்டில் மலிவாக ஒரு படை கிடைக்கிறது என்றால், அது இப்போது விளையாட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

யாரோடு விளையாடுவது?

சின்ன ஊரில் இதுதான் முதல் பிரச்னை. லண்டனில் தெருவுக்கொரு கிளப் இருக்கலாம். கொடுமுடியில் எதிராளியையும் நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஆகவே, ‘என் படை’ என்று ஒரே படையைப் பெரிதாக வாங்குவதைவிட, ஒன்றுக்கொன்று மோதும் இரண்டு சின்னப் படைகளை வாங்குவது புத்திசாலித்தனம். கோடை லீவுக்கோ ஆடிப்பெருக்குக்கோ வரும் மாமன் மகன், பெரியம்மா மகள் கையில் ஒன்றைக் கொடுத்து உட்கார வைத்துவிடலாம். செலவையும் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

இதற்கு வசதியாக ‘ஸ்பியர்ஹெட்’ என்ற சின்ன ஆட்டமுறை 2024 முதல் இருக்கிறது. ஒரு பெட்டி வாங்கினால் அதுவே முழுப் படை. பாயின்ட் கணக்குப் போட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். 30 அங்குலத்துக்கு 22 அங்குலம்தான் களம், சாப்பாட்டு மேஜையே போதும். நான்கு சுற்றில் ஆட்டம் முடிந்துவிடும். விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. களப் பலகையும் சீட்டுகளும் தனி. 2024-ல் வந்த தொடக்கப் பெட்டிகளில் ஒரு பக்கம் ஸ்டார்ம்காஸ்ட், மறுபக்கம் ஸ்கேவன் என்று புலியும் ஆடும் சேர்ந்தே வருகின்றன.

காசு? இங்கேதான் வீட்டில் ‘ஏங் கண்ணு, பொம்மைக்கா இத்தனை ரூவா?’ என்று குரல் உயரும். ஒரு ஸ்பியர்ஹெட் பெட்டி பிரிட்டனிலேயே 80 பவுண்டுக்கு மேல். நம் கணக்கில் எட்டாயிரம் ரூபாயைத் தாண்டும். கூரியர், வரி எல்லாம் அதற்கு மேல். பெயின்ட், பிரஷ், பசை, கட்டர் வேறு.

அவ்வளவு முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ‘ஒன் பேஜ் ரூல்ஸ்’ குழுவின் ‘ஏஜ் ஆஃப் ஃபேன்டஸி’ விளையாட்டுக்கு அடிப்படை விதிகள் இலவசம். எந்தக் கம்பெனிப் பொம்மையையும் அதில் நிறுத்தலாம். ‘ஃப்ராஸ்ட்கிரேவ்’ இன்னும் சின்னது. ஒரு மந்திரவாதி, அவருடைய சீடர், எட்டு அடியாட்கள், ஆக மொத்தம் பத்தே பேர். கொலு செட்டில் மிஞ்சிய பொம்மைகூட அளவு பொருந்தினால் அடியாளாகலாம், சாமி பொம்மையைச் சண்டைக்கு அனுப்ப அம்மா சம்மதித்தால்!

வாங்குவதற்கு முன் ஒத்திகையும் பார்க்கலாம். இலவச விதியை இறக்கிக்கொண்டு, அட்டையில் வட்டம் வெட்டிப் பெயர் எழுதுங்கள். இல்லையென்றால் புளியங்கொட்டை ஒரு படை, ஒரு ரூபாய் நாணயம் ஒரு படை. நான்கைந்து ஆட்டம் இப்படி ஆடிப் பார்த்தும் ஆசை குறையவில்லை என்றால் மட்டும் பணத்தை எடுங்கள்.

நம் ஊர் வெயிலுக்குச் சில குறிப்புகள்

சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்குப் போய் ஸ்பிரே பிரைமர் அடித்தால், பெயின்ட் பொம்மையைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்து, மணல் தூவியது போலச் சொரசொரப்பாகிவிடும். விடிகாலையில், காற்றில்லாத திறந்தவெளியில் அடியுங்கள். அக்ரிலிக் பெயின்ட்டும் தட்டிலேயே காய்ந்துபோகும். பழைய டிபன் பாக்ஸில் நனைத்த டிஷ்யூ விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பர் வைத்துக் கலக்கினால் மூடி வைத்து மறுநாளும் அதே கலரைத் தொடலாம். கட்டரும் பிளேடும் பெரியவர்கள் கையிலேயே இருக்கட்டும். ஒரே நாளில் பெட்டி முழுவதையும் பிரித்துக் கொட்டாமல் ஐந்தைந்தாக ஒட்டி, பெயின்ட் அடித்து முடியுங்கள்.

இரண்டு படை வாங்கியாயிற்று, யாருக்கு எது என்று அண்ணன் தங்கைக்குள் சண்டையா? தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு மூன்று ஆட்டம் ஆடு புலி ஆடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் புலிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் பக்கம் தங்கக் கவசப் பெட்டியைத் தள்ளிவிடலாம்.