வெளியில் சொல்லாத பன்னிரண்டு வாரம்

நாள் தள்ளிப்போய், மருந்துக் கடையில் வாங்கிய அட்டையில் இரண்டு கோடு விழும்போதே டாக்டர் கணக்கில் கர்ப்பத்துக்கு நான்கு வாரம் ஆகியிருக்கும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவதுதான் மருத்துவ வழக்கம். கருவே தரிக்காத இரண்டு வாரமும் அதில் சேர்ந்துவிடுகிறது. ‘இப்பதானே தெரிஞ்சுது, அதுக்குள்ள ஒரு மாசமா?’ என்று பல பெண்கள் விழிப்பது இதனால்தான். அடுத்த இரண்டு வாரத்துக்குள் வயிற்றுக்குள்ளே ஒரு பெரிய வேலை முடிந்துவிடுகிறது. குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகிற நரம்புக் குழாய், கரு தரித்த சுமார் 28-ம் நாளுக்குள் மூடிக்கொள்கிறது.

நம் வீடுகளில் அப்போது பேச்சு வேறு மாதிரி இருக்கும். ‘மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியில சொல்லிக்கலாம்.’ கண் பட்டுவிடும் என்பது ஒரு காரணம். கலைந்துவிட்டால் ஊருக்கெல்லாம் பதில் சொல்லவேண்டி வருமே என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது பயத்தில் நியாயம் உண்டு. உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைகின்றன. அவற்றில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்துக்குள்தான். ஆனால் இந்த ரகசியத்துக்கு ஒரு விலை இருக்கிறது. உடம்பு மிகவும் படுத்தி எடுக்கும் நாட்களில்தான் ஒரு பெண் எதுவும் நடக்காததுபோல் பஸ் ஏறி வேலைக்குப் போகிறாள், வாயைப் பொத்திக்கொண்டு அலுவலகக் கழிப்பறைக்கு ஓடுகிறாள், கேட்டால் ‘வெளியில சாப்பிட்டது ஒத்துக்கலை’ என்கிறாள்.

மசக்கை பத்தில் ஏழு, எட்டுப் பேருக்கு வருகிறது. ஆங்கிலேயர்கள் அதைக் காலை நேரத்து நோய் என்று பெயரிட்டு ஏமாந்தார்கள். அது மதியமும் வரும், நள்ளிரவிலும் வரும். ஐந்து, ஆறு வாரத்தில் தொடங்கி ஒன்பது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலோருக்கு 14 வாரத்துக்குள் தணிந்துவிடும். எல்லாருக்கும் வருவதுதானே என்பதாலேயே அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. 20-ம் நூற்றாண்டின் உளவியல் மருத்துவர்கள் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், கர்ப்பத்தை மனசுக்குள் வெறுக்கிறவளுக்குத்தான் வாந்தி வரும் என்று எழுதிவைத்தார்கள். வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தவளுக்கு இந்தப் பழி வேறு!

அந்தப் பழியைத் துடைத்ததில் மார்லீனா ஃபெய்ஸோ என்ற அமெரிக்க மரபியல் ஆய்வாளருக்குப் பெரிய பங்கு உண்டு. 1999-ல் அவர் கர்ப்பமாக இருந்தபோது ஒரு வாய் தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை. அவருடைய டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 15-வது வாரத்தில் கரு கலைந்தது. பிறகு பல வருடம் இந்த ஒரே கேள்வியைத் துரத்தினார் ஃபெய்ஸோ. கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் ஓராஹிலி முதலியவர்களுடன் சேர்ந்து 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் விடையை வெளியிட்டார். ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனைக் கருவும் நச்சுக்கொடியும் ஏராளமாகச் சுரக்கின்றன. அது தாயின் மூளைத்தண்டுக்குப் போய்க் குமட்டலைக் கிளப்புகிறது. கர்ப்பத்துக்கு முன்பே யார் ரத்தத்தில் அது குறைவாக இருந்ததோ, அவர்களைத்தான் அதிகமாகப் படுத்துகிறது. பழகாத உடம்பு தடுமாறுகிறது. இலங்கை ஆய்வாளர்களும் பங்கேற்ற அந்த ஆய்வில் எதிர்ப்பக்கச் சாட்சியும் கிடைத்தது. தலசீமியா என்ற ரத்த நோய் உள்ள பெண்களுக்கு ஜிடிஎஃப்15 எப்போதுமே அதிகம். அவர்களில் மசக்கை வந்தவர்கள் மிக அரிது.

ஆக, மருமகள் நடிக்கவில்லை. மாமியாருக்கு அந்தக் காலத்தில் ஒன்றும் வராமல் இருந்திருக்கலாம், அதுவும் பொய்யில்லை.

மாத்திரை என்றால் பயம் வருவதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடை மசக்கைக்கும் கொடுத்தார்கள். கைகால் வளராமல் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்த பிறகு, 1961-ல்தான் அங்கே கடைகளிலிருந்து எடுத்தார்கள். அந்த அதிர்ச்சியின் நிழல் ஒரு நல்ல மருந்தின் மீதும் விழுந்தது. டாக்சிலமின், வைட்டமின் பி6 சேர்ந்த மாத்திரையை வழக்குகளுக்குப் பயந்து 1983-ல் அமெரிக்க நிறுவனம் நிறுத்தியது. ஆய்வுகள் அதைக் குற்றமற்றது என்று தொடர்ந்து சொல்லி, 2013-ல் அங்கே மறுபடி அனுமதி கிடைத்தது. நம் ஊர் டாக்டர்கள் இன்று முதலில் எழுதிக்கொடுப்பதும் பெரும்பாலும் அதைத்தான். கடையில் தானாகக் கேட்டு வாங்காமல் டாக்டர் சொல்லிச் சாப்பிட்டால், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டிய அவசியமில்லை.

கர்ப்பிணிக்குக் கொடுக்கும் இன்னொரு மாத்திரையின் கதையில் சென்னைக்கும் குன்னூருக்கும் இடம் உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-ல் பம்பாய்க்கு வந்தார். அங்கே கர்ப்பிணிகளை, முக்கியமாக மில் தொழிலாளிப் பெண்களை வாட்டிய கடுமையான ரத்தசோகைக்குக் காரணம் தேடினார். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் வேலை பார்த்தார். 1931-ன் தொடக்கத்தில் திருவல்லிக்கேணியில் நாம் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் மருத்துவமனையிலும் இருந்தார். கடையில் விற்கும் மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைக் குணப்படுத்துவதை அவர் கண்டுபிடித்தார். அதில் இருந்த சத்துதான் ஃபோலிக் அமிலம் என்பது பின்னால் தெரிந்தது. அதே சத்து நரம்புக் குழாய் மூடாமல் போவதைப் பெருமளவு தடுக்கிறது என்று 1991-ல் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று உறுதி செய்தது. தினம் 400 மைக்ரோகிராம் போதும். சிக்கல் எல்லாம் நாளில்தான். குழாய் மூடிய பிறகு ஆரம்பித்தால் அந்தப் பலன் இல்லை. குழந்தைக்குத் திட்டமிடும்போதே தொடங்கவேண்டிய மாத்திரை இது. நாள் தள்ளிப்போய், மூன்றாம் மாதம் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு அது கைதவறிப் போகிறது.

இரும்புச்சத்து மாத்திரைக்கு இந்த அவசரம் இல்லை. அது குமட்டலைக் கூட்டும் என்பதால் பொதுவாக மூன்று மாதத்துக்குப் பிறகுதான் தருகிறார்கள். ஆனால் திருநீறு, அடுப்புச் சாம்பல், பச்சரிசி, செம்மண் என்று தின்னத் தோன்றினால் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்வது நல்லது. அந்த ஆசைக்குப் பின்னால் பல நேரம் இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறது.

சாப்பாட்டு விஷயத்தில் பாட்டிகளின் அனுபவமும் டாக்டர்களின் ஆலோசனையும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். அதனால் படுக்கையை விட்டு எழும் முன்பே இரண்டு வாய் பொரியோ ரஸ்க்கோ மென்றுவிடலாம். மூன்று வேளையை ஆறு வேளையாகப் பிரித்து, தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் இடையிடையே குடிக்கலாம். கொதிக்கும் சோறும் கடுகு தாளிக்கும் வாடையும் பிடிக்காதவர்களுக்கு ஆறின இட்லி, தயிர் சாதம் இறங்கும். சூடு குறைந்தால் வாசனையும் குறையும். இஞ்சி கொஞ்சம் கைகொடுக்கும். இதில் வீட்டு ஆண்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, அந்த ஒன்றிரண்டு மாதம் அடுப்படியைத் தாங்கள் எடுத்துக்கொள்வதுதான். குங்குமப்பூ டப்பா வாங்கி வருவதைவிட அது நூறு மடங்கு பயன்படும். குங்குமப்பூவால் குழந்தையின் நிறம் மாறாது.

எது சாதாரணம், எது ஆபத்து என்ற கோடு தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட நிற்கவில்லை, சிறுநீர் அடர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போகிறது, எடை சரசரவென்று இறங்குகிறது என்றால் அது ஆஸ்பத்திரி வேலை. அப்போது கேம்பிரிட்ஜ் கோமகளாக இருந்து இப்போது வேல்ஸ் இளவரசி ஆகியிருக்கும் கேத்தரின், 2012 டிசம்பரில் இந்தக் கடும் மசக்கைக்காகத்தான் லண்டனில் அட்மிட் ஆனார். ‘ஜேன் அயர்’ எழுதிய சார்லட் பிராண்டி 1855-ல் கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலேயே இறந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறவர்கள் உண்டு. வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவருக்கு வைட்டமின் பி1 வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். தெருமுனை கிளினிக்கில் ‘ஒரு பாட்டில் ஏத்திக்கிட்டு வந்துடலாம்’ என்று போவதில் உள்ள அபாயம் இது.

ரத்தம் கொஞ்சம் பட்டாலே எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஆரம்பத்தில் அப்படி ஆகிறது. ஆனாலும் காட்டிவிட வேண்டும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால் இரவானாலும் காத்திருக்கக் கூடாது. கரு சினைக்குழாயில் தங்கியிருக்கலாம். கரு கலைந்துவிட்டால், அப்படிக் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்கு குரோமோசோம் கோளாறே காரணம். குடம் தூக்கியதையோ ஸ்கூட்டர் ஓட்டியதையோ தேடிப்பிடித்து அவள் தலையில் போடவேண்டாம்.

தமிழ்நாட்டில் சொல்லாமல் இருப்பதில் பண நஷ்டமும் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் கிடைக்கும் 18,000 ரூபாய்க்கு, 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடமோ நகர்ப்புற நிலையத்திலோ பதிந்துவிடச் சொல்கிறார்கள். இதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. 26 வார விடுப்பைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். கர்ப்பத்தால் வரும் நோய்க்கு, சம்பளத்துடன் கூடுதலாக ஒரு மாதம் வரை விடுப்பு என்ற பிரிவு 1961-ன் மகப்பேறு நலச் சட்டக் காலத்திலிருந்தே இருப்பது மனிதவளத் துறையிலேயே பலருக்கு நினைவிருப்பதில்லை. டாக்டர் சான்றிதழோடு கேட்க வேண்டும். கேட்பதற்கு, பன்னிரண்டு வாரம் முடியும் முன்பே அலுவலகத்தில் ஒருவரிடமாவது சொல்லியாக வேண்டும்.