வெஜிடேரியன்ல இருந்து வீகன்: பாலை நிறுத்தலாம், எஸ்ஐபியை நிறுத்தணுமா?



எங்க திண்டுக்கல் ஆபீஸ்ல வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் போன மாசம் வந்து, "அண்ணா, எஸ்ஐபியை கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம்னு இருக்கேன்" என்றார். வயசு 26, கைக்கு வர்ற சம்பளம் 28,000 ரூபாய், எஸ்ஐபி 3,000. "ஏம்ப்பா, திடீர்னு என்ன செலவு?" என்று கேட்டேன். "வீகனுக்கு மாறிட்டேண்ணா."

பிறந்ததில் இருந்து சைவம். இப்போது பால், தயிர், நெய், தேன் எல்லாம் வேண்டாம் என்று முடிவு. அது அவர் மனசாட்சி, அதில் கணக்குப் பார்க்க நான் யார்? ஆனால் அந்த முடிவு எஸ்ஐபியில் கை வைக்கும்போது, பில்லை எடுத்து வைத்துத்தான் பேசணும். பேசினோம்.

மாறுறதுக்கு முன்னாடி அவர் பங்குச் செலவு

ஆவின் பச்சை பாக்கெட் தினம் அரை லிட்டர், 22 ரூபாய் வீதம் 660. தயிர் 300, நெய் 200, பன்னீர் 240. மொத்தம் மாசம் 1,400 ரூபாய்.

முதல் மாச வீகன் பில்

பாதாம் பால் 12 லிட்டர் 3,000. டோஃபு 550, வீகன் சீஸ் 450, வீகன் சாக்லேட், பார் வகையறா 600. மொத்தம் 4,600. அதாவது 3,200 ரூபாய் கூடுதல். எஸ்ஐபி எங்கே போச்சுன்னு புரியுதா?

"ஜிஎஸ்டி குறைஞ்சிருச்சேண்ணா" என்றார். உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் பாதாம் பால் மாதிரியான தாவரப் பாலுக்கு வரி 18 சதவீதத்தில் இருந்து 5 ஆனது; சோயா பாலுக்கு 12ல் இருந்து 5. ஆனால் அடிப்படை விலையே லிட்டர் 200 ரூபாய்க்கு மேல இருந்தால், வரி குறைஞ்சும் பெருசா லாபம் இல்லை.

தப்பு வீகன்ல இல்லை. விட்ட ஒவ்வொரு பொருளுக்கும் அதே மாதிரி ஒரு பாக்கெட்டைத் தேடினதுதான் தப்பு.

இரண்டாவது மாச பில்

வேர்க்கடலை ஒன்றரை கிலோ 225, தேங்காய் ஆறு 210, கேழ்வரகு இரண்டு கிலோ 100, சோயா பீன்ஸ் ஒரு கிலோ 100, எள் கால் கிலோ 65, பி12 மாத்திரை 200. மொத்தம் 900 ரூபாய். பழைய செலவை விட 500 குறைவு!

சத்தும் ஓரளவு ஈடாகும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கு. 50 கிராம் வேர்க்கடலையில் சுமார் 12 கிராம் புரதம். முருங்கைக்கீரைக்கு நம்ம ஊர்ல பஞ்சமே இல்லை.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடம்

பி12. இது செடிகொடி உணவில் நம்பி இருக்கிற அளவுக்குக் கிடைக்காது. சைவம் சாப்பிடுறவங்களுக்குப் பால்தான் முக்கிய வழி. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2.2 மைக்ரோகிராம் வேணும் என்கிறது ஐசிஎம்ஆர். மாறுறதுக்கு முன்னாடியே ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிட்டு, மாத்திரை அளவை டாக்டரிடம் கேட்டுக்கோங்க. பழைய வரி முறையில் இருந்தால், 80டின்னு நமக்குப் பழக்கமான கழிவுக்குள்ளேயே முன்னெச்சரிக்கைப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை காட்டலாம். மாத்திரை பில்லைக் காட்ட முடியாது. புது முறையில் இரண்டுமே கிடையாது.

எல்லையை எழுதி வையுங்க

பாக்கெட்ல பச்சைப் புள்ளி இருந்தால் சைவம், அவ்வளவுதான். உள்ளே பால் பவுடர் இருக்கலாம். 2022ல் வந்த விதிப்படி வீகன் உணவுக்குத் தனி 'வி' முத்திரை உண்டு. நம்ம பழநி பஞ்சாமிர்தத்தில் நெய்யும் தேனும் சேருது. அதை வாங்கிக்குவீங்களா, மாட்டீங்களா? இப்பவே முடிவு பண்ணுங்க.

பக்கத்துல இருக்கிற காந்திகிராமத்துக்குப் பேர் கொடுத்தவரே இதில் மாட்டியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது, 1912ல் பாலை விட்டார் காந்தி. பின்னால் நோய் முற்றிப் படுத்தபோது, கஸ்தூர்பா சொல்லி ஆட்டுப்பால் குடித்தார். விரதம் எடுக்கும்போது மனசில் இருந்தது பசுவும் எருமையும்தானே என்று சமாதானம். விரதத்தின் வார்த்தையைக் காப்பாற்றினேன், உயிரை விட்டுவிட்டேன் என்கிற வருத்தத்தை சுயசரிதையில் அவரே பதிவு செய்திருக்கிறார். உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வீங்க என்பதும் உங்க பட்டியலில் இருக்கட்டும்.

வீட்டுக் கணக்கு

அப்பா அம்மாவோட இருக்கீங்கன்னா அவங்க பாலை நிறுத்தச் சொல்லாதீங்க. முடிவு உங்களுடையது. நம்ம தம்பியோட அம்மாவுக்கு, மகன் டப்பாவில் தயிர்சாதம் இல்லையேன்னு முதல் வாரம் பெரிய வருத்தம். இரண்டாவது மாசம் அவங்களே வேர்க்கடலைப் பால் எடுத்து, மிளகாய்க் காம்பு போட்டு உறை வைத்துவிட்டார்கள்.

மாசம் 3,000 எஸ்ஐபி, ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் (உத்தரவாதம் இல்லை, கணக்குக்காகத்தான்), பத்து வருஷத்தில் சுமார் 6.97 லட்சம். நீங்க போட்டது 3.6 லட்சம். பாதாம் பாலுக்காக அதை விட வேண்டாம்.

அவர் எஸ்ஐபி ஓடிக்கிட்டு இருக்கு. மிச்சமான 500 ரூபாயையும் அதிலேயே சேர்த்துட்டார். நீங்க மாறுறதா இருந்தால் முதல்ல கடைசி மூணு மாச மளிகை பில்லை எடுங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்!