கொசு தேடுவது உங்களை அல்ல, மாட்டை! தெரியுமா?

நாற்று நட்ட வயலில் தண்ணீர் நிற்கிறது. அந்தி சாய்ந்ததும் காதோரம் 'ங்ங்...' என்று ஒரு கொசு! அது யாரைத் தேடி வருகிறது தெரியுமா? உங்கள் மாட்டை! மூளைக்காய்ச்சலைப் பரப்பும் இந்த நெல்வயல் கியூலெக்ஸ் கொசுவின் வயிற்று ரத்தத்தை மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தார் சோதித்துப் பார்த்தார்கள். பெரும்பகுதி மாட்டு ரத்தம்! மனித ரத்தம் கொஞ்சூண்டு!

அதில் நமக்கென்ன லாபம்? இருக்கிறதே! ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி மாட்டின் உடம்பில் பெரிதாகப் பெருகாது. மாட்டுக்குள் போனால் கிருமிக்கு அது முட்டுச்சந்து! அடுத்து வந்து கடிக்கும் கொசு வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்!

இப்படி முட்டுச்சந்தாக நிற்கும் மாடுகளுக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில் பஞ்சமா? ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு நடக்கும் தச்சங்குறிச்சி இந்த மாவட்டம்தான்! 2019 ஜனவரியில் விராலிமலையில் அவிழ்த்துவிட்ட காளைகள் 1,300க்கும் மேல்! அதற்காகத் தொழுவத்து ஓரம் கட்டிலைப் போட்டுப் படுத்துவிடாதீர்கள்! மாடு கூடினால் கொசுவுக்குத் தீனியும் கூடும். கூட்டம் பெருத்தால் நாலு கொசு உங்கள் பக்கமும் திரும்பும்!

பன்றி? அங்கேதான் வில்லங்கம்! அதன் உடம்பில் சில நாளிலேயே கிருமி மளமளவென்று பெருகிவிடும். கண்மாய்க் கரையில் ஒற்றைக் காலில் தவம் செய்கிற மடையானும் கிருமியைச் சுமக்கும். பாவம், பார்த்தால் பரம சாது!

இந்தியாவில் இந்தக் காய்ச்சல் மனிதர்களிடம் முதன்முதலில் கண்டறியப்பட்டது எங்கே தெரியுமா? நம் வேலூரில், 1955இல்! கிருமி தொற்றிய ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் முற்றும். அப்படி முற்றியவர்களில் 100க்கு 30 பேர் வரை இறக்கலாம்!

மாடு போல நோய்க்கு முட்டுச்சந்தாகும் உயிர்கள் வேறு இடத்திலும் உண்டு! ஐந்து கால் தவளை பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருக்கிறது! ஒரு புழு தலைப்பிரட்டைக்குள் புகுந்து கால் முளைக்கும் இடத்தைக் குழப்பிவிடுகிறது. அங்கே 345 நீர்நிலைகளை அலசினார்கள். தவளை இனங்கள் அதிகமாக வாழ்ந்த குட்டைகளில் புழு தொற்றுவது சுமார் 78 சதவீதம் குறைந்திருந்தது! ஏன்? புழுவுக்கு இடம்கொடாத இனங்களும் நடுவே புகுந்து கிடப்பதால், குறி தவறுகிறது! இனங்கள் குறைந்த குட்டையிலோ, சுலபமாகத் தொற்று வாங்கும் தவளைகளே மிஞ்சுகின்றன. 2013இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இது.

குளத்து நத்தையிலும் இதே கதைதான்! மாடு குறட்டை விடுமா? விடும்! மூக்கு ரத்தக்குழாயில் குடியிருக்கும் ஒரு புழுவின் வேலை! 1933இல் ராவ் என்ற ஆய்வாளர் அதற்குப் பெயரிட்டார். புழுக்குஞ்சு முதலில் குளத்து நத்தைக்குள் வளர்ந்தாக வேண்டும். நத்தை கிடைக்காவிட்டால் சில மணி நேரம்தான் அதற்கு ஆயுள்! தவறான நத்தைக்குள் நுழைந்தால் கதை முடிந்தது! அதனால் பல வகை நத்தைகள் கிடக்கும் குளம் அதற்குப் பெரும் தலைவலி! நத்தையிலிருந்து வெளிவரும் இத்தகைய கால்நடைப் புழுக்குஞ்சுகள் மனிதத் தோலுக்குள்ளும் நுழைந்து, அங்கேயே செத்துப்போகும். குளத்தில் குளித்து எழுந்தபின் சில நேரம் மேலெல்லாம் அரிக்கிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம்!

விலங்கு வகை பெருகினால் எங்கும் நோய் குறையுமா? குறையாது! 1957இல் கர்நாடகத்தின் சிமோகாவில் வெளிப்பட்ட குரங்குக் காய்ச்சலைப் பாருங்கள். அங்கே காட்டில் மேயும் மாடு, நோயைப் பரப்பும் உண்ணிகளுக்கு ரத்தம் கொடுத்து அவற்றைப் பெருக்கிவிடுகிறது! இங்கே காப்பாற்றும் மாடு அங்கே வம்பு!

சரி, மூளைக்காய்ச்சலுக்கே திரும்புவோம். கைக்குழந்தை இருக்கும் வீடா? ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. உங்கள் ஊரில் போடுகிறார்களா என்று கிராமச் செவிலியரிடம் இன்றே கேட்டுவிடுங்கள்!