தீயை நோக்கி ஓடியவர்கள்

பட்டாசு ஆபீஸில் வெடிச் சத்தம் கேட்டால், திருத்தங்கல், சிவகாசி வட்டாரத்தில் தீயணைப்பு வண்டி வருமுன்பே அக்கம்பக்கத்து ஆட்கள் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். பக்கத்து ஆலைத் தொழிலாளி, காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தவர், அந்த வழியாகப் போன லோடு வேன் டிரைவர். யாரும் கூப்பிட்டு வந்தவர்கள் அல்லர். தீப்பட்ட உடம்பில் துணி ஒட்டிக்கொள்ளும் என்பது இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். அதனால் வாழையிலையைத் தேடி அறுத்து வேனில் விரித்து, முன்பின் பார்த்திராத ஒருவரை அதன்மேல் கிடத்தி ஆஸ்பத்திரிக்கு விரைகிறார்கள். பேரும் ஊரும் விசாரிப்பதெல்லாம் பிறகுதான்.

இந்த உதவி கேட்ட விலை 2012 செப்டம்பர் 5 அன்று தெரிந்தது. சிவகாசி அருகே முதலிப்பட்டியில், நண்பகல் வேளையில், ஓர் ஆலையில் தீப்பிடித்தது. தீபாவளி நெருங்கும் மாதம், சரக்கு குவிந்திருந்தது. உள்ளே சிக்கியவர்களை மீட்கச் சுற்று வட்டாரத்து ஊர்க்காரர்கள் ஓடினார்கள். அப்போதுதான் இருப்பு வைத்திருந்த மருந்தும் சரக்கும் வெடித்தன. இறந்தவர்கள் நாற்பது பேர் அளவில். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்க்காதவர்கள். வேடிக்கை பார்க்கப் போனவர்களும் கூட்டத்தில் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் எல்லோரையும் ‘வேடிக்கை பார்த்தவர்கள்’ என்ற ஒரே சொல்லில் அடக்கியது, தூக்கிவிடப் போய் மாண்டவர்களுக்குச் செய்த பெரும் அநீதி.

முதல் வெடியைவிட அடுத்தது கொடியதாவதற்குக் காரணம் இருக்கிறது. மருந்து உராய்ந்து ஓர் அறையில் பற்றும் தீ, சில நிமிடம் அடங்கியதுபோல் புகையும். ஆட்கள் நெருங்குவது அந்த இடைவெளியில்தான். அதற்குள் வெப்பமும் தீப்பொறியும் அடுத்த அறைக்கும் சரக்கு அடுக்கிய இடத்துக்கும் தாவுகின்றன. பதறிப்போய்க் குடத்தோடு ஓடி ஊற்றும் தண்ணீரும் எல்லாத் தீக்கும் ஆகாது. பேன்சி ரகங்களில் வெண்ணொளி தரும் அலுமினியப் பொடி எரியும்போது தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் வாயு கிளம்பித் தீயை மூர்க்கமாக்கும்; அதற்குத் தேவை உலர்ந்த மணல். மருந்தைக் கையாளும் தொழிலாளிக்கும் ஃபோர்மேனுக்கும் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. மதிலுக்கு வெளியே குடியிருந்து முதல் ஆளாக ஓடிவருபவருக்கு இதை யார் சொல்லித் தந்தார்கள்? இந்த வட்டாரத்தில் உடனடியாகக் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். ஓடாதே என்று தடுத்தால் யாரும் நிற்கப்போவதில்லை. எவ்வளவு தூரத்தில் நிற்பது, எப்போது நெருங்குவது, எதைத் தொடக்கூடாது என்பதை ஆலையை ஒட்டிய ஒவ்வோர் ஊரிலும் சொல்லித்தர வேண்டும்.

சட்டத்தில் இவர்களுக்கு உள்ள இடமும் குறுகியது. வேலையில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் தொழிலாளியின் உரிமை. போபால் துயரத்துக்குப் பின், ஆபத்தான பொருள்களால் பாதிக்கப்படும் வெளியாருக்கும் நிவாரணம் என 1991-இல் ஒரு சட்டம் வந்தது. உயிரிழப்புக்கு அது வகுத்த தொகை 25,000 ரூபாய். முதலிப்பட்டி எரிந்த 2012-இலும் அந்தத் தொகை மாறியிருக்கவில்லை. சாலையில் அடிபட்டவரைத் தூக்குபவருக்கு 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் தனிப் பிரிவே சேர்த்து, வழக்கு வம்பு வராமல் காப்புத் தந்தார்கள். அந்தப் பிரிவு பேசுவது சாலை விபத்தைப் பற்றி மட்டும். ஆலைத் தீயில் இறங்குபவர் அதற்குள் வரமாட்டார்.